காகிதத்தைப் பிடித்திருந்த கை

கடன் விண்ணப்பம் நிரப்பித் தருவது என் தொழிலில் ஒரு பகுதி. சிறு தொழில் நடத்துபவர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன், வரி தாக்கல் செய்து தருகிறேன், வங்கிக்குப் போக வேண்டி வந்தால் கூடவே போகிறேன். இருபது ஆண்டுகளில் எத்தனை படிவம் நிரப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. ஒரே ஒரு படிவம் மட்டும் மனதை விட்டுப் போக மறுக்கிறது.

அந்த அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பதினான்கு தையல் இயந்திரங்கள் ஓடும் ஒரு கூடத்தை நடத்திவந்தார். பதினெட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். கணக்குப் புத்தகம் என்னிடம் இருப்பதால் உறுதியாகச் சொல்கிறேன், ஒரு மாதம்கூட அவர் சம்பளத்தைத் தள்ளிப்போட்டதில்லை. பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. இன்னும் எட்டு இயந்திரம் வாங்கக் கடன் கேட்டுப் போனோம். வங்கி அதிகாரியும் ஒரு பெண்தான். மூன்று ஆண்டுக் கணக்கையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியாக இருக்கிறது, நன்றாக நடத்துகிறீர்கள்" என்றார். பிறகு படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியில் இருந்த ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார். "இங்கே உங்கள் கணவர் கையெழுத்து வேண்டும். வந்திருக்கிறாரா?"

கணவருக்குப் பக்கவாதம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வருமானம் கிடையாது. அவருடைய மருந்துச் செலவும் இந்தக் கூடத்திலிருந்துதான் போகிறது. ஆனால் வீடு அவர் பெயரில் இருந்தது. மறுநாள் அக்கா அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். "எங்கே போட வேண்டும்?" என்று கேட்டார் அவர். பேனாவைப் பிடித்து முதல் எழுத்தை இழுத்ததும் காகிதம் நழுவியது. அக்கா தன் இடது உள்ளங்கையை விரித்துக் காகிதத்தின் மேல் அழுத்திக்கொண்டார். அவர் ஒவ்வோர் எழுத்தாகப் போட்டு முடிக்கும் வரை அந்தக் கை அசையவில்லை.

வெளியே வந்தபின் அக்கா சொன்னது ஒன்றுதான்: "அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை அம்மா. அந்தக் கோட்டின் மேல்தான்."

பெண்கள் ஏன் தலைமைக்கு வருவதில்லை என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த உள்ளங்கை நினைவுக்கு வருகிறது. தன்னம்பிக்கை போதாது என்கிறார்கள், துணிந்து முன்வர வேண்டும் என்கிறார்கள், பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். அக்காவிடம் தன்னம்பிக்கைக்கு என்ன குறை? பதினெட்டுக் குடும்பங்களுக்கு அவர்தான் தலைமை. அவரிடம் இல்லாதது அவர் பெயரில் ஒரு சொத்து. அந்த அதிகாரி தவறு ஏதும் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஈடாக வைக்கும் வீடு யாருடையதோ அவருடைய கையெழுத்து வேண்டும் என்பது நியாயமான விதி. அநியாயம் வங்கியில் நடக்கவில்லை. அக்கா வங்கி வாசலுக்கு வந்து சேர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்து முடிந்திருந்தது.

அந்தக் கோட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒரு காலத்தில் அது சட்டமாகவே இருந்தது. திருமணமானதும் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் என்று 1765-இல் வெளிவந்த தன் விளக்க நூலில் எழுதினார் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன். அந்த ஒரே ஆள் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. மனைவி தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. அவள் உழைத்து வாங்கிய கூலி கணவனுடையது. 1870-இல் வந்த சட்டம்தான் அந்தக் கூலியை அவளுக்கே உரியதாக்கியது. அவளுடைய சொத்து அவளுக்கென்று ஆக 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உழைத்த காசைத் தன் காசு என்று சொல்லிக்கொள்ள ஒரு நாட்டின் நாடாளுமன்றம் கூடிச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்குப் பழகவில்லை.

இதெல்லாம் கொள்ளுப்பாட்டி காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. பிரான்சில் பெண்களுக்கு 1944-இல் வாக்குரிமை வந்தது. ஆனால் மணமான பெண் கணவன் சம்மதம் இல்லாமல் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவும் வேலைக்குப் போகவும் வழிவிட்ட சட்டம் 1965 ஜூலையில்தான் நிறைவேறியது. இடைப்பட்ட இருபத்தோரு ஆண்டுகள் அவள் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தன் சம்பளத்தைத் தன் கணக்கில் போட்டுக்கொள்ளக் கணவன் தலையசைக்க வேண்டும். ஸ்பெயினில் கணவன் அனுமதி என்ற விதி 1975-இல் நீங்கியது. குடும்பக் கடமைகளுக்கு இடையூறு இல்லாவிட்டால் மட்டுமே மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதி மேற்கு ஜெர்மனியில் 1977 வரை இருந்தது. சுவிட்சர்லாந்தில் கணவனைக் குடும்பத் தலைவன் என்று சொன்ன சட்டம் 1988-இல்தான் விடைபெற்றது. காங்கோ மக்களாட்சிக் குடியரசில் மணமான பெண் கணவன் அனுமதியின்றித் தொழில் பதிவு செய்யவும் கடன் வாங்கவும் முடிந்தது 2016-க்குப் பிறகு.

அமெரிக்காவின் கதை என் தொழிலுக்கு மிக நெருக்கமானது. கடன் தருவதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1974-இல் அங்கே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பெண் ஒருத்தி தொழிற்கடன் கேட்டால் ஆண் உறவினர் ஒருவரின் கையெழுத்தைக் கேட்கும் விதிகள் சில மாநிலங்களில் தொடர்ந்தன. அவற்றுக்கு முடிவு கட்டியது 1988-இல் வந்த இன்னொரு சட்டம். கணவன் இல்லையென்றால் தந்தை, தந்தை இல்லையென்றால் சகோதரன், அவனும் இல்லையென்றால் மகன். தான் பெற்று வளர்த்த பிள்ளை, தாய்க்குப் பொறுப்பு ஏற்று அந்தக் கோட்டில் கையெழுத்திட வேண்டும். 1988-இல் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

உலக வங்கி 190 நாடுகளின் சட்டங்களை ஒப்பிட்டு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்களுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பில் பெண்களுக்குக் கிடைப்பது சராசரியாக 64 விழுக்காடு என்றது. முழுச் சமத்துவம் எட்டிய நாடு ஒன்றுகூட இல்லை. அதே அறிக்கையில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது வேறொரு செய்தி. இருக்கிற சட்டங்களை நடைமுறைப்படுத்தத் தேவையான ஏற்பாடுகளில் 40 விழுக்காடுகூட நாடுகளில் இல்லையாம். சட்டம் அரசிதழில் இருக்கும். படிவம் பழையபடியே அச்சாகிக்கொண்டிருக்கும்.

நானும் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் மேலே எழுதினால் நேர்மையாக இருக்காது.

அப்பா இறந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் சமபங்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கே தெரியும். காரியம் முடிந்து ஒரு மாதத்துக்குள் பத்திரம் தயாராகிவிட்டது. எழுத்தர் வாசித்தார்: எனக்கு வரவேண்டிய பங்கை முழு மனதுடன், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, விட்டுக்கொடுக்கிறேன். அம்மா அருகில் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் இரவு அவர் சொல்லியிருந்தார்: "நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் ஓடி வருகிறவன் அவன்தான். அவனிடம் போய்ப் பங்கு கேட்டு நிற்பாயா?" யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை. கேட்டால் உறவு போய்விடும் என்ற பயம் ஒன்று போதுமானதாக இருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் நல்லவர். இன்றைக்கும் எனக்கு ஒன்று என்றால் ஓடி வருகிறவர்தான். அதனால்தான் இதை எழுதுவது கடினமாக இருக்கிறது. கெட்டவர்களைப் பற்றி எழுதுவது எளிது. நான்கு ஆண்டுகள் கழித்துச் சொந்தமாக அலுவலகம் தொடங்க நினைத்தேன். முன்பணம் வேண்டும், இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், கணினி வாங்க வேண்டும். வங்கியில் ஈடு கேட்டார்கள். என்னிடம் எதுவும் இல்லை. அண்ணன் வந்தார். நான் விட்டுக்கொடுத்த பங்கும் சேர்ந்த அதே வீட்டைக் காட்டி எனக்கு ஜாமீன் நின்றார். தங்கைக்காக இப்படி யார் செய்வார் என்று சுற்றத்தார் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் நன்றி சொன்னேன். உரிமையாக என் கையில் இருந்தது, உதவியாக மாறி என்னிடம் திரும்பி வந்தது. உதவி பெற்றவள் அதற்குப் பிறகு பேசும் குரலே வேறு. குடும்பத்தில் எந்த முடிவு எடுத்தாலும் நான் ஒரு படி கீழே நின்று பேசுவதை நானே உணர்ந்திருக்கிறேன்.

ஜோர்தான் நாட்டில் இப்படி விட்டுக்கொடுப்பதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் இறந்து மூன்று மாதம் ஆவதற்கு முன் வாரிசுப் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தைப் பதிவு செய்ய முடியாது. அழுகை ஓய்வதற்கு முன்பே பெண்களிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மூன்று மாதம் போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் சொல்வேன். என் விஷயத்தில் மூன்று மாதம் கழித்துக் கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன். ஆனால் முதல் நாள் இரவு பேசிய பேச்சைத் திரும்ப யோசிக்க எனக்கு நாட்கள் கிடைத்திருக்கும். எங்கோ ஒரு நாட்டில் அந்த நாட்களுக்காக யாரோ போராடியிருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆறுதல்.

போட்ஸ்வானாவில் எடித் முசி என்ற மூதாட்டியும் அவருடைய சகோதரிகளும் அந்தக் கையெழுத்தைப் போட மறுத்தார்கள். பெற்றோர் வீடு கடைசி மகனுக்குப் போகும் என்பது அவர்கள் சமூகத்தின் மரபு. வீட்டைப் பராமரித்துக்கொண்டு அதில் குடியிருந்தவர் எடித். வீட்டைத் தன்னுடையது என்று கேட்டு வந்தவர் அவர்களுக்குச் சகோதரர் முறையான ஒருவரின் மகன். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. மரபு என்பதற்காகச் சமத்துவத்தை மறுக்க முடியாது என்று 2012-இல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அடுத்த ஆண்டு அதை உறுதி செய்தது. எடித்துக்கு அப்போது எண்பது வயது. அந்த வயதில் நீதிமன்றப் படியேறத் துணிந்தவரை நினைக்கும்போதெல்லாம் என் இருபத்தொன்பது வயதை நினைத்துக்கொள்கிறேன்.

அதே நாட்டில் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் யூனிட்டி டவ் என்ற வழக்கறிஞர் இன்னொரு வழக்கில் வென்றிருந்தார். அவர் கணவர் வெளிநாட்டவர் என்பதால், போட்ஸ்வானாவிலேயே பிறந்த அவருடைய குழந்தைகளுக்குக் குடியுரிமை இல்லை என்றது சட்டம். ஆண் ஒருவர் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தால் அந்தச் சிக்கல் கிடையாது. தாய் வழியாகக் குடியுரிமை இறங்காது என்ற அந்த விதியை எதிர்த்து 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று வென்றார். 1998-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். தலைமைக்கு வந்தபின் அவர் சட்டத்தைத் திருத்தவில்லை. சட்டத்தைத் திருத்தவைத்த பிறகுதான் அந்த இருக்கைக்கு வந்தார்.

ருவாண்டாவின் கதையிலும் இந்த வரிசை தெரிகிறது. 1994 இனப்படுகொலைக்குப் பின் விதவைகளும் தந்தையை இழந்த மகள்களும் நிலத்தில் உரிமை கோர முடியாமல் நின்றார்கள். 1999-இல் மகளுக்கும் மகனுக்கும் சம வாரிசுரிமை தரும் சட்டம் வந்தது. 2003-இல் முடிவெடுக்கும் அமைப்புகளில் குறைந்தது 30 விழுக்காடு பெண்கள் என்று அரசியல் சட்டமே சொன்னது. 2008-இல் பெண்கள் பெரும்பான்மையாக அமர்ந்த உலகின் முதல் நாடாளுமன்றம் அங்கே அமைந்தது. அந்த நாட்டில் நாடாளுமன்றத்துக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் என்பது தனிக் கேள்வி, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நிலம் முதலில் வந்தது, நாற்காலி பிறகு வந்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, சொத்து சொந்தப் பெயரில் இருந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? நாராயணி தேவியின் வழக்கைப் படித்தபிறகு எனக்கு அந்த நிம்மதியும் போய்விட்டது. இந்தியாவில் 1955-இல் திருமணமானவர். மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்துபோனார். புகுந்த வீட்டார் அவரைத் துரத்திவிட்டார்கள். பிறந்த வீட்டுக்கு வந்தார், பெற்றோர் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனார். நாற்பது ஆண்டுகள் புகுந்த வீட்டார் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 1996-இல் உயில் எழுதாமல் இறந்தார். வங்கிக் கணக்குகளிலும் வருங்கால வைப்பு நிதியிலும் அவருடைய சேமிப்பு இருந்தது. தாய் உரிமை கோரினார். இறந்த கணவனின் சகோதரி மகன்களும் உரிமை கோரினார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, குழந்தையும் கணவனும் இல்லாத பெண் தானே சம்பாதித்த சொத்து கணவனின் வாரிசுகளுக்கே முதலில் போகும். உச்ச நீதிமன்றம் 2009-இல் அவர்களுக்கே கொடுத்தது. இரக்கம் வேறு, சட்டம் வேறு என்ற அளவில் தீர்ப்பு முடிந்தது.

இந்த வழக்கைப் படித்த வாரத்தில் என்னிடம் கணக்கு எழுதும் எல்லாப் பெண்களையும் தொலைபேசியில் அழைத்து, உயில் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை. நானும் எழுதியிருக்கவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

கையெழுத்து சொத்தில் மட்டும் இல்லை, வேலையிலும் இருக்கிறது. சி. பி. முத்தம்மா 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர், அந்தத் தேர்வில் வென்ற முதல் பெண். திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சேரும்போதே அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பணிவிதிகளும் அதையே சொல்லின: பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் அனுமதியை எழுத்தில் பெற வேண்டும், குடும்பம் வேலைக்குத் தடையாக இருக்கும் என்று அரசு கருதினால் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு இப்படி ஒரு விதி இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு அவசர அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. 1979-இல் தீர்ப்பு எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பெண் அதிகாரிக்குக் குடும்பம் தடை என்றால் ஆண் அதிகாரிக்கும் அதே குடும்பம் தடையாக வேண்டும் அல்லவா என்று கேட்டார். அயர்லாந்தில் அரசுப் பணியில் உள்ள பெண் திருமணமானதும் விலக வேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது. ஒரு தலைமுறைப் பெண்கள் முப்பது வயதுக்குள் வேலையை விட்டு வெளியேறிவிட்டால், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்தத் துறைக்குத் தலைமை தாங்க யார் மிஞ்சியிருப்பார்கள்?

சம்பளத்தைப் பற்றிச் சொல்ல லில்லி லெட்பெட்டர் போதும். அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தவர். ஓய்வு நெருங்கும் நேரத்தில் யாரோ பெயர் சொல்லாமல் ஒரு துண்டுச் சீட்டை அவருக்குக் கிடைக்கும்படி வைத்துவிட்டுப் போனார்கள். அதில் அவருடைய சம்பளமும், அதே வேலை பார்த்த மூன்று ஆண்களின் சம்பளமும் எழுதியிருந்தன. அவர்தான் எல்லோரையும்விடக் குறைவு. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2007-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். சம்பளம் பாகுபாடாக நிர்ணயிக்கப்பட்ட 180 நாட்களுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. பக்கத்து இருக்கைக்காரர் சம்பளம் தெரியாமல் எப்படிப் புகார் கொடுப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை. 2009-இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்து அந்தக் காலக்கெடு மாறியது. அவருக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை. சம்பளத்தோடு ஓய்வூதியமும் குறைந்திருந்தது, அது குறைந்தது குறைந்ததுதான். நான் முன்பு சொன்ன உலக வங்கி அறிக்கையில் சம வேலைக்குச் சம ஊதியம் என்று சட்டம் போட்ட நாடுகள் 98. சம்பள விவரத்தை வெளிப்படையாக்கவோ சட்டத்தை அமல்படுத்தவோ வழி செய்தவை 35 மட்டும். மற்ற நாடுகளில் பெண்கள் யாராவது ஒரு துண்டுச் சீட்டு வைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

வீட்டு வேலையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஊதியம் இல்லாத பராமரிப்பு வேலையில் உலக அளவில் நான்கில் மூன்று பங்கைப் பெண்கள் செய்வதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்கிட்டது. 2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், இன்றைய ஊதிய இடைவெளியில் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்த பிறகு உருவாவது என்று காட்டினார். ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று சுமார் 90 விழுக்காடு பெண்கள் அலுவலகத்திலும் வீட்டிலும் ஒரு நாள் வேலையை நிறுத்தினார்கள். ஐந்தே ஆண்டுகளில் விக்டிஸ் ஃபின்பொகடோட்டிர் அங்கே தேர்தலில் வென்று, மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவரானார். தனியாகக் குழந்தை வளர்த்த தாய் அவர்.

பதவியே கைக்கு வந்துவிட்ட பெண்களின் நிலை என்ன? இந்தியாவின் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்து, ஊராட்சித் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. பெண்கள் வந்தால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஆய்வாளர்கள் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண் தலைவர்கள் வந்த ஊராட்சிகளில் குடிநீருக்கு அதிகம் செலவாகியிருந்தது. பெண்கள் அதிகம் முறையிட்டதும் குடிநீருக்குத்தான்.

இந்தக் கதவையும் பாதி மூடினார்கள். ஹரியானாவில் 2015-இல் ஊராட்சித் தேர்தலில் நிற்பதற்கு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கு எட்டாம் வகுப்பு என்று தகுதி வைத்தார்கள். மின்கட்டணப் பாக்கி இருக்கக் கூடாது, கூட்டுறவுக் கடன் நிலுவை இருக்கக் கூடாது, வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும். எதிர்த்துப் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. படிக்க அனுப்பாதது யார்? மின்கட்டணம் யார் பெயரில் வருகிறது? கழிப்பறை கட்டும் காசு யார் கையில் இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு ஒரு பெண் தனியாகப் பதில் சொல்ல முடியாது. ஆனால் போட்டியிடும் உரிமையை இழப்பது அவள். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவர் பேனாவை எடுக்க மறுத்தால், தேர்தலில் வென்ற பெண்ணால் ஒரு தெருவிளக்கைக்கூடப் பழுதுபார்க்க முடியாது. அந்த இரண்டாவது கையெழுத்துக் கோட்டைப் பார்த்தால் எனக்கு வேறு எங்கோ பார்த்த கோடு போலத்தான் இருக்கிறது.

நிறுவனங்களின் உயர் மட்டத்துக்கு வந்தால், நார்வே 2003-இல் இயக்குநர் குழுவில் 40 விழுக்காடு பெண்கள் வேண்டும் என்று சட்டம் போட்டது. தகுதியான பெண்களுக்கு எங்கே போவது என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். விதியை மீறும் நிறுவனம் கலைக்கப்படலாம் என்று ஆனதும் 2008-க்குள் எல்லோரும் கிடைத்துவிட்டார்கள். தலைமை நிர்வாகி நாற்காலிகள் அதே வேகத்தில் மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒதுக்கீடு தேவை என்பதே என் கருத்து. ஆனால் மேலே நாற்காலி போடும் சட்டத்தை நாம் கொண்டாடும் அளவுக்கு, கீழே பத்திரத்தில் பெயர் எழுதும் சட்டத்தைக் கவனிப்பதில்லை.

அக்காவின் கடன் அடைந்துவிட்டது. குறித்த தேதிக்கு நான்கு மாதம் முன்பே கட்டி முடித்தார். வீட்டுப் பத்திரத்தைத் திரும்ப வாங்க நானும் போயிருந்தேன். அதே அதிகாரிதான் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். கிளம்பும்போது அவரிடம் அந்தப் படிவத்தைப் பற்றிக் கேட்டேன். ஈடே இல்லாத சிறு கடனுக்கும் 'கணவர் அல்லது தந்தை' என்ற கோடு ஏன் அச்சாகி வருகிறது? அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "படிவம் மேலிருந்து வருகிறது. மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தான் வாங்கிய வீட்டுக்குத் தன் சம்பளத்திலிருந்துதான் தவணை போகிறது என்றும், பத்திரத்தில் கணவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்றும் சொன்னார். அவர் அதைச் சொல்வதற்கு ஏதோ காரணம் இருந்திருக்க வேண்டும். நான் என் அலுவலக முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தையல் கூடம் இருக்கும் கட்டடத்தை அதன் உரிமையாளர் விற்கப்போகிறார் என்று சென்ற மாதம் தெரியவந்தது. அக்கா அதை வாங்க முடிவு செய்திருக்கிறார். தன் பெயரில், தன் பெயரில் மட்டும். முன்பணத்துக்குச் சேமிப்பு இருக்கிறது, மீதிக்கு அந்தக் கட்டடத்தையே ஈடு வைக்கலாம். போன செவ்வாய்க்கிழமை என் மேசையில் உட்கார்ந்து படிவம் நிரப்பினோம். கடைசிப் பக்கம் வந்தது. கோடு அங்கேயே இருந்தது. நான் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"அதை அப்படியே விட்டுவிடுங்கள் அம்மா" என்றார். "கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்."

கோட்டை வெறுமையாக விட்டே கொடுத்துவிட்டு வந்தோம். வங்கியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.